ஏழாங்கரை அக்கா

மூன்று மணிச் சாயாவை எடுத்துக்கொண்டு நான் குடோனுக்குள் நுழையும்போது ஏழாங்கரையில் பெரும்பாலும் சண்டை நடந்துகொண்டிருக்கும். உப்புமுனைக்காரர்கள் ஆற்றை அடைத்திருப்பார்கள். அல்லது அவர்கள் அடைத்ததை மேட்டுச்சீமைக்காரர்கள் திறந்துவிட்டிருப்பார்கள். சுக்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பத்துப் பெண்களும் முறத்தைக் கீழே வைக்காமலே அந்தச் சண்டையில் கலந்துகொண்டிருப்பார்கள். நடுவில், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நூலால் காதோடு கட்டிக்கொண்டு அக்கா இருப்பார். ஏழாங்கரை என்பது அவர் உண்டாக்கிய நாடு. பூமியில் அது எங்கும் கிடையாது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிழைப்புக்காக மனைவி செல்வியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்து, ஒரு சந்தில் வரிசை வீட்டில் ஒரு அறை பிடித்தேன். வீட்டில் சாயா போட்டு, பெரிய தூக்கில் ஊற்றி, பஜார் ரோட்டுக் குடோன்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. செல்விக்குச் சுக்குக் குடோனில் வேலை கிடைத்தது. சுக்கைச் சல்லடையில் அரித்து, பெரிசு, நடுத்தரம், உடைசல் என்று பிரித்துப் போட வேண்டும். அக்கா அதே குடோனில் எங்களுக்கு முன்பே பல வருஷமாக இருந்தவர். எங்கள் வரிசையிலேயே இரண்டு அறை தள்ளித் தனியாகக் குடியிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று நான் கேட்டதில்லை. செல்வி கேட்டிருப்பாள். என்னிடம் சொல்லவில்லை.

அந்த நாடு பிறந்ததற்குக் காரணம் ஒரு ரேடியோ. குடோனில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. தமிழ்ப் பாட்டு வைத்தால் மலையாளத்துப் பெண்கள் முணுமுணுப்பார்கள். மலையாளம் வைத்தால் எங்கள் ஆட்கள். கொங்கணிக்காரப் பெண்களுக்கு இந்திப் பாட்டு வேண்டும். ஒருநாள் இரண்டு பேர் அந்தக் குமிழைத் திருகப் போய்க் கைகலப்பாகிவிட்டது. மேஸ்திரி வந்து ரேடியோவையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் குடோனில் தும்மல் சத்தம் மட்டும்தான் இருந்தது. சுக்குத்தூசி மூக்கில் ஏறினால் அப்படித்தான், விடாது. அப்போது அக்கா சுக்கைப் பிரித்துக்கொண்டே பொதுவாகச் சொன்னாராம், "ஏழாங்கரையிலும் இப்படித்தான் ஒரு சண்டை வந்துது."

"அது எங்க இருக்குக்கா?" என்று செல்வி கேட்டிருக்கிறாள்.

"ஆறு கரை நமக்குத் தெரியும். அதுக்கு அடுத்தது."

அவ்வளவுதான். அன்று ஆரம்பித்தது, நான் பார்த்து ஆறேழு வருஷம் ஓடியது.

நான் சாயா கொண்டுபோகும் நேரங்களில் மட்டும் கேட்டதால் எனக்கு அந்தச் சரித்திரம் துண்டு துண்டாகத்தான் தெரியும். கடலோரம் உப்புமுனை. அங்கே முனையார் என்ற ஜனங்கள், உப்புக் காய்ச்சுகிறவர்கள். தாங்கள்தான் அந்த நாட்டுக்கு முதலில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். கிழக்கே மலையடியில் மேட்டுச்சீமை. அங்கே தேன் எடுத்துத் தினை விளைவிக்கிற மேட்டார். முதல் என்ன, கடைசி என்ன, நாங்கள் எங்கிருந்தும் வரவே இல்லை, இங்கேயே முளைத்தவர்கள் என்பார்கள். ஆறு கடலில் சேருகிற ஆத்துவாயில் தோணி தள்ளுகிற துறையார். அவர்கள் யாரோடு இருக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்பார்கள். நடுவில் நடுச்சந்தை என்று ஒரு ஊர். சரக்கு விற்க வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்களின் ஊர் அது. அவர்களுக்கு ஜனப்பெயரே கிடையாது.

முதலில் மூன்று ஜனத்துக்கும் பொதுவாக ராஜாக்கள் இருந்தார்கள். கடைசி ராஜா, மூன்று எழுத்தில் எழுதிக் கை வலிக்கிறதென்று, இனிமேல் அரண்மனையில் ஒரே எழுத்துத்தான் என்று உத்தரவு போட்டான். மறுநாளிலிருந்து வழக்கென்று ஒருவரும் வரவில்லை. தோணித்துறையிலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ராஜா பேனாவைத் தீட்டி வைத்துக்கொண்டு மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உப்பு அள்ளப் போனான். பிறகு ஓட்டு வந்தது. தலைநகரம் யாருக்கு என்று தகராறு. கடைசியில் தலைநகரமே மாட்டுவண்டியில் ஏறி ஒவ்வொரு சீமையிலும் சில மாதம் இருப்பதென்று முடிவாயிற்று. ஒரு தடவை ஆத்துவாயில் தோணி கவிழ்ந்து ஒரு கட்டுக் காகிதம் தண்ணீரில் போய்விட்டது. அதில் ஒரு வரிச் சட்டம் இருந்தது. இன்றுவரை அந்த வரி அங்கே இல்லை. இதைச் சொன்னபோது மேஸ்திரியும் சிரித்துவிட்டார்.

அக்காவின் கதையில் யார் ஜெயித்தாலும் அதோடு முடியாது. பெண்கள் ஆசுவாசமாகச் சாயாவுக்குக் கை நீட்டும்போது அவரே கேட்பார்:

"சரி, தோத்தவங்க அன்னிக்கு எங்க உலை வெச்சாங்க?"

அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்திருக்காது. உண்மையாகவே யோசிப்பார். கையில் ஒரு சுக்குத்துண்டைப் புரட்டிக்கொண்டே இருப்பார். பிறகு, ஆற்றங்கரையில் மூன்று கல் கூட்டினார்கள் என்றோ, நடுச்சந்தையில் யாரோ ஒருத்தி தன் அடுப்பைக் கொடுத்தாள் என்றோ சொல்வார். அடுத்த நாள் கதை அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்கும்.

சாயா விஷயத்திலும் அப்படித்தான். எல்லாருக்கும் ஊற்றி முடித்த பிறகுதான் தம்ளரைக் கையில் வாங்குவார். "வெளிய சாக்குத் தைக்கற ஆளுக்குக் குடுத்தியா தம்பி? வாசல்ல வண்டிக்காரன் நிக்கானே?" என்பார். மனிதரை எண்ணுவதில் எனக்குத் தவறியதுண்டு. அவருக்குத் தவறியதில்லை.

அந்த நாட்டுச் சண்டை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்த கதை ஒன்று உண்டு. குடோனில் ஆளுக்கொரு சீமையைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி மேட்டுச்சீமை. அவளுக்கு எதிரே உட்காரும் கொங்கணிக்காரி சாந்தாபாய் உப்புமுனை. ஒருநாள் செல்வி வீட்டுக்கு வந்து பாத்திரங்களை மோதி மோதி வைத்தாள்.

"என்னடி?"

"சாந்தாபாய் எங்கூடப் பேச மாட்டாளாம்."

"ஏன்?"

"அவுக உப்பளத்துல நாங்க ஆத்துத்தண்ணிய தொறந்து விட்டுட்டோமாம். ஒரு வருசத்து உப்பு கரைஞ்சு போச்சாம். நாங்க எதுக்கு விட்டோம்னு யாராவது கேட்டாகளா? எங்க பாதையை அவுகதானே முதல்ல மறிச்சாக?"

"யாரு உப்பளம்? யாரு பாதை?"

அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. மத்தியானம் சாந்தாபாய் கொண்டுவரும் மாங்காய் ஊறுகாய் செல்வியின் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் அக்கா கதையை விட்ட இடத்தில் எடுத்தார். உப்பைக் கரைத்துவிட்டுப் போன மேட்டார் ஊருக்குள் அன்று குழம்பு வைத்தார்களாம். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் தேன்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், உப்புமுனை எல்லையில் வந்து நின்றாள்.

"அப்புறம்?" என்று சாந்தாபாய் கேட்டாள்.

"நின்னுட்டே இருக்கா. நீங்க சொல்லுங்க, உங்க ஊராக்கும்."

சாந்தாபாய் கொஞ்சநேரம் சுக்கைப் பிரித்தாள். பிறகு ஊறுகாய் டப்பாவைச் செல்வியின் முன்னால் நகர்த்தி, "உப்பு கூடுதலா இருக்கும். ஞங்கள் உப்புமுனையாச்சே," என்றாள். குடோனே சிரித்தது.

இன்னொரு நாள் குஞ்ஞுமோன். அவன் எதிர்க் குடோனில் மிளகுச் சாக்கு ஏற்றுகிறவன். இரண்டு நாளாக வாசலில் நின்று, ஏழாங்கரையில் எந்த மந்திரிசபை கவிழ்ந்தது, நடுச்சந்தையில் எத்தனை நாள் கடையடைப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தவன், மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான். உறைக்குள் பாஸ்போர்ட்.

"சேச்சி, அவிடெ டிரைவர் பணிக்கு விசா கிட்டுமோ?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் மேல் தப்பில்லை. மட்டாஞ்சேரியில் கடல் தாண்டி ஒரு தேசத்தின் பெயர் காதில் விழுந்தால் முதலில் வாயில் வருவது இந்தக் கேள்விதான். அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவன் பாஸ்போர்ட்டை வாங்கி, போட்டோவைப் பார்த்து, "நல்லா விழுந்திருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"அது நான் சும்மா சொல்ற நாடு மோனே. அங்க விமானம் எறங்காது."

அவன் முகம் சுருங்கியது. "பின்னே எதுக்கா இத்தனை விவரமா பறயுன்னது?" என்று கோபித்துக்கொண்டான்.

அடுத்த வாரத்திலிருந்து ஏழாங்கரையின் சரித்திரத்தில் புதிதாக ஒரு பகுதி வந்தது. உப்பு விலை போகாத காலத்தில் கப்பலேறிப் போன முனையார், அவர்கள் அனுப்பிய கடிதங்கள், போனவர்களுக்கு ஊரில் ஓட்டு உண்டா இல்லையா என்று சபையில் நடந்த வாதம். ஓட்டு உண்டு என்று தீர்ப்பாயிற்று. குஞ்ஞுமோன் வாசலில் நின்று கேட்டான். அடுத்த வருஷம் அவன் உண்மையாகவே ஒரு நாட்டுக்குப் போனான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனான்.

இனி நான் எழுத வேண்டியது என் சொந்த விஷயம். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகளுக்கு நாலு வயதில் அம்மை போட்டது. முகமெல்லாம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. பல நாள் திறக்கவில்லை. வேப்பிலையைப் போட்டுப் படுக்கவைத்து, நானும் செல்வியும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். டாக்டரும் பார்த்தார். ஒருநாள் காலையில் எங்கள் சந்தின் கோடியில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு ஓடினேன். "தாயே, பிள்ளை கண்ணைத் திறந்துவிடு. உன் முகத்துக்கு நேரே பானை வைத்துப் பொங்குகிறேன்," என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு நாளில் கண் திறந்தது. டாக்டரின் மருந்தும் வேலை செய்திருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் சொன்ன வாக்கு சொன்னதுதானே.

அந்த வாக்கை நிறைவேற்றுவதில்தான் சிக்கல். அது சின்னக் கோயில். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கட்டியது. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதுவது மலையாளம். மாசிப் பொங்கலன்று சந்நிதிக்கு நேரே, முற்றத்தில் ஒரே வரிசையாகப் பத்தொன்பது பானை வைப்பார்கள். முதல் பொங்கலில் யார் எந்த இடத்தில் வைத்தார்களோ அவர்கள் வாரிசுக்கு அதே இடம். எங்களைப்போல் பின்னால் வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வைக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கேட்டின் இரண்டு கதவில் அம்மனுக்கு நேரே இருப்பது தகரம் அடித்தது. வரிசையின் கடைசிப் பானை அதை ஒட்டி இருப்பதால் பொங்கலன்று அது மூடியே இருக்கும். வெளியே நிற்பவர்களுக்கு அம்மன் தெரியாது. முகத்துக்கு நேரே என்று சொல்லிவிட்டு, மூன்று வருஷம் தகரத்துக்கு நேரே பொங்கினேன். மகளுக்குக் கண் லேசாகச் சிவந்தாலே செல்வி என்னைப் பார்ப்பாள்.

அந்த வருஷம் வரிசையில் ஒரு குடும்பம் ஏலூருக்குக் குடிபோய்விட, ஒரு இடம் காலியானது. நான் கமிட்டிப் பிரசிடெண்டிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர். ஆனால் வரிசை என்றால் அவருக்கு வரிசைதான்.

"பழைய லிஸ்டுல இல்லாத ஆளை எப்படி உள்ள விடறது? நாளைக்கு மத்தவங்களும் வந்து கேப்பாங்க," என்றார்.

பக்கத்திலிருந்த பூசாரி, முதல் பொங்கலில் தென்காசிக்காரர் ஒருத்தர் இருந்ததாகக் கேள்வி என்றார். பிரசிடெண்டு யோசித்து, "அப்படின்னா சரி. லிஸ்டுல தென்காசின்னு இருந்தா அந்த இடம் உங்களுக்கு," என்றார். ஆனால் லிஸ்டு எழுதியிருந்த பழைய நோட்டைப் படிக்க ஆள் இல்லை. மங்கிப்போன மையில், சேர்த்து எழுதிய தமிழ். நான் படிப்பேன். ஆனால் நான் வழக்குக்காரன், என் வாசிப்பை யார் ஏற்பார்கள்? கமிட்டியில் எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். அக்கா பழைய குடும்பம், வரிசையில் நாலாவது பானை அவருடையது. தமிழ் பத்திரிகை வாங்கிப் படிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிப்பதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் சாயாவோடு போனேன். அக்கா முற்றத்துக் குழாயில் கைகழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, நாளைக்கு வாசிக்கறப்ப ஏதாவது ஒரு பேருக்கு முன்னால தென்காசின்னு ஒரு வார்த்தை சேத்துருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கையைத் துடைத்தார். "எங்கிட்ட கேக்கலாம்னு எப்படித் தோணுச்சு?"

"ஒரு நாட்டையே ஒண்ணுமில்லாததுல இருந்து உண்டாக்குறீகளே. ஒரு வார்த்தை உண்டாக்கக் கூடாதா?"

"அது இல்லாத நாடு தம்பி. அங்க நான் என்ன சொன்னாலும் யாரு இடமும் போகாது. இது இருக்கற ஊராக்கும்."

"பிள்ளைக்காகக் கேக்கேன்க்கா."

"நானும் பிள்ளைக்காகத்தான் சொல்றேன். அம்மன் மொகத்துக்கு நேரே வெக்கற பானைக்கு அடியில பொய்யையா கூட்டப்போற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இல்லாத ஊர் ஜனங்களுக்கெல்லாம் அடுப்பு தேடிக் கொடுக்கிறார், இரண்டு அறை தள்ளி இருக்கிறவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்க மனசில்லை என்று நினைத்தேன். உள்ளே போய் எல்லாருக்கும் சாயா ஊற்றினேன். வெளியே சாக்குத் தைக்கிறவருக்கும் கொடுத்தேன். அக்காவுக்கு ஊற்றாமல் தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கோயில் முற்றத்தில் எல்லாரும் கூடினோம். பிரசிடெண்டு சிவப்புத் துணியிலிருந்து நோட்டை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் விரல் ஊரும் வரிகளை என்னாலும் படிக்க முடிந்தது. ஒன்றாவது பேர், ஊர். அது பிரசிடெண்டின் தாத்தா. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வாரிசுகள் தலையாட்டினார்கள்.

நாலாவது வரியில் விரல் நின்றது.

நானும் பார்த்தேன். அது அக்கா பேச்சில் நான் கேட்டிருந்த அவர் தகப்பனார் பெயர் இல்லை, தாத்தா பெயரும் இல்லை. யாரோ வள்ளியூர்க்காரர். அக்கா அங்கே தன் தாத்தா பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த முற்றத்தில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். முந்தின நாள் நான் கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு வாய் திறக்க எந்த யோக்கியதையும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"வள்ளியூர் சுடலைமுத்து," என்று வாசித்தார்.

பிரசிடெண்டு நிமிர்ந்தார். "நாலாவது உங்க இடமல்லே சேச்சி? கண்ணாடி போட்டு நல்லா வாசிங்க."

"போட்டுத்தான் வாசிக்கறேன். சுடலைமுத்து."

"அது ஆரு?"

"அம்மா அவங்க வீட்ல வேலைக்கு நின்னாங்கன்னு கேட்டிருக்கேன். அவங்க ஊரைவிட்டுப் போனப்புறம் இடம் சும்மாக் கிடந்திருக்கும். அம்மா பானையைக் கொண்டுவந்து வெச்சிருப்பாங்க." அதைச் சொல்லிவிட்டு ஐந்தாவது பேருக்குப் போனார். பத்தொன்பதும் வாசித்து முடித்தார். தென்காசி இல்லை. அவர் குடும்பத்தின் பெயரும் இல்லை.

அக்கா நோட்டை மூடித் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"இதுல பேரில்லாதவங்க அன்னிக்கு எங்க பொங்குனாங்க பிரசிடெண்டே?"

"அது இதுல எழுதியிட்டில்லல்லோ."

"எழுதலைன்னா பொங்கலைன்னு ஆகுமா?"

பிரசிடெண்டு துணிக்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "சேச்சி, நீங்க வழக்கம்போல நாலாவது இடத்துலயே வைங்க. இத்தனை வருஷமா இல்லையா, ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் மனசார்த்தான் சொன்னார்கள்.

"இல்லை. வாசிச்சுட்டேனே," என்றார் அக்கா.

காலி இடத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது. நான் வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மன் முகத்தைப் பார்க்கக் கூசியது. திங்கட்கிழமை குடோனில் முதல் தம்ளரை அக்காவிடம் நீட்டினேன். "மத்தவங்களுக்குக் குடு, அப்புறம் வாங்கிக்கறேன்," என்றார். ஒன்றுமே நடக்காததுபோல மேட்டுச்சீமையில் தேர்தல் வைத்தார்.

மாசிப் பொங்கலன்று காலையில் நானும் செல்வியும் ரோட்டோரம் செங்கல் கூட்டிக்கொண்டிருந்தோம். எங்களையும் சேர்த்து ஆறு குடும்பம். எல்லாரும் பின்னால் வந்தவர்கள். சந்திலிருந்து அக்கா வந்தார். ஒரு கையில் பானை, இடுப்பில் மூன்று செங்கல். நேராக எங்கள் பக்கம் வந்து, "இன்னும் கொஞ்சம் தள்ளிக்க செல்வி, காத்து உன் பக்கம் அடிக்கும்," என்று சொல்லி அடுப்புக் கூட்டினார். செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "புகைதான்," என்றாள்.

ஏலூர்க்காரர் இடம் போக, உள்ளே வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல நாலாவது இடமும் காலியாகக் கிடந்தது. அந்த இடைவெளியைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிரசிடெண்டு இரண்டு தடவை கேட் வரைக்கும் வந்து திரும்பினார். மூன்றாம் தடவை வெளியே வந்துவிட்டார்.

"சேச்சி, இங்கிருந்து அம்மன் தெரியுதா?"

"இல்லை."

"பின்னே?"

"இவங்களுக்கும்தான் தெரியலை. இத்தனை வருஷமாப் பொங்கிட்டுதானே இருக்காங்க."

அவர் அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, அக்காவின் கண் உயரத்துக்குக் குனிந்து உள்ளே பார்த்தார். தகரக்கதவைத்தான் பார்த்திருப்பார். அந்தப் பக்கம் நின்றவர் இந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நிமிர்ந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஸ்பானர் இருந்தது.

துருப்பிடித்த கீல் லேசில் வரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டார்கள். நானும் போய்க் கதவைத் தாங்கிப் பிடித்தேன். எனக்காக அவர் அதைச் செய்யவில்லை, நாலாவது பானைக்காரருக்காகத்தான் செய்தார். இருக்கட்டும். கதவு கழன்று வந்ததும் நான்கு பேர் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பட்டு, எலுமிச்சை மாலை, இரண்டு பக்கமும் விளக்கு. நடுவில் என் தாய். ரோட்டோரம் இருந்த ஏழு பானைக்கும் நேரே.

மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினேன். அவள் கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டே கும்பிட்டாள். எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் பாக்கி இல்லை. செல்வியின் பானையில் பால் விளிம்புக்கு ஏறி, நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்தது. வெளியே குலவை எழுந்தது. ஒரு கணம் கழித்து உள்ளேயிருந்தும் எழுந்தது.

பிரசிடெண்டு கையிலிருந்த துருவை வேப்பிலையில் துடைத்துக்கொண்டு அக்காவின் அருகே வந்தார். முகத்தில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்திருந்தது.

"இனி இதையும் அந்த ஏழாங்கரைக் கதையில சேத்துடுவீங்க, அல்லே சேச்சி? எந்தச் சீமையில நடந்துதுன்னு வெப்பீங்க?"

அக்கா தென்னம்பாளையை முறித்து அடுப்பில் வைத்தார்.

"எங்க வெக்கறது பிரசிடெண்டே. ஏழாங்கரைக்காரங்க இன்னும் கதவைக் கழத்தற அளவுக்கு வரலை."